உப்பின் பின்னால் போகும் தண்ணீர்

கருவாடு போடத் தெரிந்த பெண்ணுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. வாகரைக் கரையில் பாரையும் கட்டாவும் கூடுதலாகப் பட்டு விலை விழுந்துபோகும் நாட்களில், எமது பெண்கள் மீனைப் பிளந்து, கழுவி, உப்பை அள்ளித் தடவி, அடுக்கி மூடி வைக்கிறார்கள். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். அதில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட ஊற்றவில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

மீனின் சதையிலிருந்துதான் வந்தது. வெளியே உப்பு மிகுந்திருக்க, உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறிவிட்டது. இதே காரணத்தால்தான் கருவாடு பழுதாவதில்லை. மீனை அழுகச் செய்யும் கிருமிகளும் உயிருள்ளவைதான். அவற்றின் உடம்பிலும் தண்ணீர் உண்டு. உப்பு சூழ்ந்தவுடன் அந்தத் தண்ணீரும் வெளியேறி, அவை பெருக முடியாமல் போகின்றன. ஊறுகாயிலும் இதுவே நடக்கிறது.

மறுபக்கத்தையும் நாம் சமையலறையில் பார்த்திருக்கிறோம். பாயாசத்தில் போடும் பிளம்ஸ் சுருங்கிக் கிடக்கும். அதைச் சிறிது நேரம் தண்ணீரில் போட்டால் உருண்டு திரண்டு வரும். அதன் உள்ளே இருப்பது செறிவான இனிப்பு, வெளியே இருப்பது வெறும் தண்ணீர். ஆகவே தண்ணீர் உள்ளே போகிறது.

இரண்டிலும் விதி ஒன்றுதான். நடுவே ஒரு மெல்லிய தோல் இருந்து, அது தண்ணீரை விட்டு உப்பையோ சீனியையோ எளிதில் விடாததாக இருந்தால், எந்தப் பக்கம் செறிவு கூடவோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். பாடசாலைப் புத்தகத்தில் இதற்குப் பிரசாரணம் என்று பெயர். தமிழ்நாட்டில் சவ்வூடு பரவல் என்கிறார்கள். பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்கு இதை மனனம் செய்கிறார்கள். ஆனால் இந்த விதி பரீட்சைத் தாளை விடப் பெரியது. ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்த இரவில் அது பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் பல வேளைகளில் இந்த விதியில்தான் தங்கியிருக்கிறது.

எமது உடம்பின் சிறு அறைகள்

எமது உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. கலம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு அறை. அதைச் சுற்றி மிக மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. தண்ணீர் போய் வருவதற்கென்றே பல கலங்களின் சவ்வில் நுண்ணிய வாய்க்கால்கள் உள்ளன. இவற்றைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஏகர் என்ற அமெரிக்கருக்கு 2003 ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உப்புத்தான் தண்ணீரை இழுக்கிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் தண்ணீர்த் துகள்கள் சவ்வின் இரு பக்கமும் ஓயாமல் போய் வந்துகொண்டே இருக்கின்றன. உப்பு உள்ள பக்கத்தில் உப்பும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அங்கிருந்து திரும்பி வரும் தண்ணீர் குறைகிறது. போவது கூடவும் வருவது குறையவுமாக, முடிவில் உப்புள்ள பக்கமே தண்ணீர் சேர்கிறது.

எமது இரத்தத்தில் உள்ள செங்கலத்தை எடுத்து வெறும் தண்ணீரில் விட்டால், தண்ணீர் உள்ளே பாய்ந்து அது வீங்கி வெடித்துவிடும். கடல்நீரில் விட்டால் உள்ளிருக்கும் தண்ணீரை இழந்து சுருங்கிப்போகும். ஒரு லீற்றரில் 9 கிராம் உப்புக் கரைந்த தண்ணீரில் விட்டால் அது வீங்கவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. வைத்தியசாலையில் கையில் ஊசி குத்தி ஏற்றும் சேலைன் இந்த அளவில்தான் தயாரிக்கப்படுகிறது.

கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைக் குடித்தால் தாகம் தீராது. உள்ளே போன உப்பைச் சிறுநீராக வெளியேற்றுவதற்குச் சிறுநீரகம் குடித்ததை விடக் கூடுதலான தண்ணீரைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. கடலில் தத்தளிப்பவர்கள் சுற்றிவரத் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

வயிற்றோட்டத்தின்போது என்ன நடக்கிறது?

நாம் குடிக்கும் தண்ணீரும் உண்ணும் உணவும் குடலுக்குள் போகின்றன. குடலின் உட்சுவரில் உள்ள கலங்கள் முதலில் உப்பையும் சத்தையும் உள்ளே எடுத்துக்கொள்கின்றன. உப்பு போன பக்கமே தண்ணீரும் போகிறது. நலமாக இருக்கும் நாட்களில் தண்ணீர் இப்படித்தான் குடலிலிருந்து இரத்தத்திற்குச் சேர்கிறது.

வயிற்றோட்டக் கிருமிகள் இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகின்றன. கொலராக் கிருமியின் நஞ்சு குடற்கலங்களைக் கொண்டே உப்பைக் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் உடம்பிலிருந்து குடலுக்குள் இறங்கி வெளியேறுகிறது. வேறு கிருமிகள் குடற்சுவரைப் புண்படுத்தி, உள்ளே எடுக்கும் வேலையைத் தடுக்கின்றன. வழி வேறானாலும் முடிவு ஒன்றுதான். பிள்ளை தண்ணீரையும் உப்பையும் சேர்த்து இழக்கிறது. வயிற்றோட்டத்தில் இறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோரை எடுத்துச் செல்வது இந்த இழப்புத்தான்.

“வயித்தால போற நேரம் தண்ணி குடுக்காத புள்ள, குடுத்தா இன்னும் கூடும்” என்று எமது ஊர்களில் மூத்தவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். வெறும் தண்ணீரை ஒரேயடியாகக் கொடுத்தால் குடல் அதை எடுத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளிவிடலாம். இனிப்புக் கூடிய சோடாவோ குளிர்பானமோ கொடுத்தால் நிலைமை மோசமாகும். குடலுக்குள் இனிப்பின் செறிவு கூடினால் உடம்பில் உள்ள தண்ணீரும் குடலுக்குள் வரும். பிளம்ஸ் தண்ணீர் குடித்து வீங்கியதும் இதே விதியால்தான். ஆகவே பெரியவர்கள் கண்டது சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. தண்ணீரை நிறுத்துவது பிள்ளையைக் காய வைப்பதாகும். எந்தத் தண்ணீரை, எப்படிக் கொடுப்பது என்பதே கேள்வி.

ஓர் அகதி முகாமில் கிடைத்த விடை

அந்தக் கேள்விக்குரிய விடை உலகத்துக்கு நிரூபிக்கப்பட்ட இடங்களில் முக்கியமானது ஓர் அகதி முகாம் என்பதை எமது பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

குடற்கலங்களில் ஒரு விசேடமான வாசல் இருக்கிறது. அதனூடாக உப்பில் உள்ள சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே உள்ளே போகும். ஒன்று இல்லாமல் மற்றது போகாது. றொபேர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960 இல் இதை விளக்கினார். கொலராவினால் கூட இந்த வாசலை மூட முடிவதில்லை. உப்பும் இனிப்பும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் இரண்டும் உள்ளே நுழையும், அவற்றின் பின்னால் தண்ணீரும் நுழையும். 1968 இல் டாக்காவில் டேவிட் நாலின், றிச்சர்ட் காஷ் என்ற வைத்தியர்கள் கொலரா நோயாளிகளுக்கு இக்கரைசலை வாய்வழியாகக் கொடுத்துப் பயன் கண்டார்கள். ஆனாலும் ஊசியால் ஏற்றும் சேலைனுக்குப் பதிலாகக் கோப்பையில் குடிக்கும் தண்ணீரை நம்ப மருத்துவ உலகம் தயங்கியது.

1971 இல் வங்காளதேசப் போரின்போது ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். மழைக்காலம், நெருக்கமான முகாம்கள், அசுத்தமான தண்ணீர். கொலரா பரவியது. எல்லைக்கு அருகே போன்காவ் என்ற இடத்தில் கட்டில்கள் போதாமல் நோயாளிகள் தரையில் கிடத்தப்பட்டார்கள். சேலைன் தீர்ந்துகொண்டு வந்தது. அதை ஏற்றத் தெரிந்த பணியாளர்களும் போதவில்லை. அங்கே பொறுப்பாக இருந்த குழந்தை வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து பைகளில் அடைத்து, முகாமில் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களிடம் கொடுத்தார். தாய்மாரும் சகோதரிகளும் பக்கத்தில் இருந்து கோப்பை கோப்பையாகப் பருக்கினார்கள். அதுவரை நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இந்த முறை தொடங்கிய பின் அவர் கவனித்த நோயாளிகளில் இறப்பு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைந்தது.

இன்று உலகெங்கும் 5 கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை இந்தக் கரைசல் காத்திருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. மகாலனாபிஸ் 2022 இல் காலமானார். 2023 இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது. அந்த முகாமில் இரவு பகலாகக் கோப்பையைப் பிடித்திருந்த பெண்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

முகாம் என்றால் என்ன என்று எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 இல் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்து வாகரைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்தோர் மீது ஷெல் விழுந்து பலர் உயிரிழந்தனர். 2007 ஜனவரியளவில் வாகரையே வெறுமையாகி, எல்லோரும் மட்டக்களப்புப் பக்கம் முகாம்களுக்குப் போனோம். பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றதும், மலசலகூடத்திற்கு வரிசையில் நின்றதும், கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் நெஞ்சு பதறியதும் எமது பெண்களின் அனுபவம். கோப்பையும் கரண்டியும் தாயின் கையில் இருந்தால், வைத்தியர் வந்து சேரும் வரை பிள்ளையைத் தாங்கிப்பிடிக்கலாம் என்பதுதான் போன்காவ் எமக்குத் தரும் பாடம்.

வீடு வீடாகப் போன பெண்கள்

போரில் இருந்து எழுந்த வங்காளதேசத்தில் பிராக் என்ற நிறுவனம் 1980 இல் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. பயிற்றப்பட்ட பெண்கள் கிராமம் கிராமமாக, வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்கு இக்கரைசலைத் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பக்கெட் வாங்கக் காசில்லாத வீடுகளுக்காக வீட்டில் உள்ள பொருட்களே போதும் என்றார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் விரலால் அளந்தாள்.

கற்பித்த பெண்ணுக்குரிய கொடுப்பனவு, அவள் எத்தனை வீட்டுக்குப் போனாள் என்பதைப் பொறுத்து வழங்கப்படவில்லை. பின்னர் ஒருவர் போய்ப் பரிசோதிக்கும்போது, அந்தத் தாய் எவ்வளவை நினைவில் வைத்திருக்கிறாள், சரியாகக் கரைக்கிறாளா என்பதைப் பொறுத்தே வழங்கப்பட்டது. 10 ஆண்டுகளில் 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவர்கள் போய்விட்டார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் நாடவேண்டியது ஜீவனி பக்கெட். வைத்தியசாலையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும். பக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் ஒரேதடவையில் கரைக்க வேண்டும். பாதிப் பக்கெட்டைக் கோப்பையில் கண்மட்டத்துக்குக் கரைப்பது ஆபத்தானது. கொதித்து ஆறிய தண்ணீரையே பாவிக்க வேண்டும். கரைத்ததை 24 மணித்தியாலத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

பக்கெட் இல்லாதபோது, ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் தட்டி மட்டமாக்கிய தேக்கரண்டியால் சீனி 6 கரண்டி, உப்பு அரைக் கரண்டி போட்டு நன்றாகக் கரைக்கலாம். கொடுப்பதற்கு முன் ஒரு துளி நீங்கள் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரை விட உப்புக் கரித்தால் அதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். உப்புக் கூடினால் பிள்ளையின் மூளைக் கலங்களிலிருந்தும் தண்ணீர் வெளியேறி வலிப்பு வரலாம். சீனி கூடினால் வயிற்றோட்டம் கூடும். அளவுதான் இங்கே மருந்து.

ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்னும் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர் வரையும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் வரையும் கொடுக்கலாம். கரண்டி கரண்டியாக, ஆறுதலாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். உண்ணும் பிள்ளைக்குக் கஞ்சி, சோறு போன்ற வழமையான உணவைக் கொடுங்கள். சிங்க் மாத்திரை 10 முதல் 14 நாட்கள் கொடுப்பதால் நோய் விரைவில் தணியும். அதன் அளவை வைத்தியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டு அறியுங்கள்.

கண் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை, சிறுநீர் போகாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல், குடிக்க முடியாமை, சோர்ந்து கிடத்தல், மலத்தில் இரத்தம் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். போகும் வழியிலும் பிள்ளையால் குடிக்க முடிந்தால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

கிணறும் தோட்டமும்

பனிச்சங்கேணி, காயாங்கேணி, மாங்கேணி, புச்சாக்கேணி என்று எமது ஊர்ப் பெயர்களிலேயே தண்ணீர் இருக்கிறது. கடலுக்கும் களப்புக்கும் இடையே, மணலுக்கு அடியில் உள்ள உப்புத் தண்ணீரின் மேல் மழைநீர் மிதந்து நிற்பதால்தான் இங்கே நல்ல கிணறுகள் உண்டு. நன்னீர் உப்புநீரை விடப் பாரம் குறைந்தது. கடல் மட்டத்திற்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே 40 அடி வரை அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது பொதுக் கணக்கு. அந்த ஓர் அடியை வேகமாக இறைத்துவிட்டால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். 2004 டிசம்பர் 26 கடல்கோளின் பின் கிழக்குக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வாளர்களும் இதையே கண்டார்கள். பம்பி போட்டுத் திரும்பத் திரும்ப இறைத்ததால் உப்பு நீங்கவில்லை. அதன்பின் பெய்த மாரி மழைகளே அதைக் கழுவின.

உப்பேறிய நிலத்தில் பயிர் ஏன் வாடுகிறது என்பதற்குக் காரணம் மறுபடியும் பிரசாரணம். வேரின் கலங்களை விட மண்ணில் உப்புக் கூடினால், மண் ஈரமாக இருந்தும் தண்ணீர் வேருக்குள் போகாது. மிளகாய்க் கன்றுக்கு யூரியா கூடிப்போனால் கன்று கருகுவதும் இப்படித்தான், ஏனெனில் கரைந்த பசளையும் உப்பைப் போலவே மண்ணில் உள்ள தண்ணீரின் செறிவைக் கூட்டுகிறது. அப்படி நேர்ந்தால் மேலும் பசளை போடாமல், நிறையத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவ வேண்டும். களப்போரத்துக் கண்டல் தன் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கண்ணா மரம் உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. அதன் இலையை நாவில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும்.

இப்போது பல ஊர்களில் காசு கொடுத்து வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரும் இந்த விதியைத் திருப்பிப்போட்டுத்தான் கிடைக்கிறது. தண்ணீர் இயல்பாக உப்பின் பக்கம் போகும். உப்புத் தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் சவ்வின் மேல் தள்ளினால், உப்பு நிற்க நல்ல தண்ணீர் மறுபக்கம் வரும். 2024 ஓகஸ்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தாளையடியில் திறக்கப்பட்ட நிலையம் கடல்நீரை இந்த முறையில்தான் குடிநீராக்குகிறது. ஆனால் நல்ல தண்ணீரை அழுக்குக் கானில் பிடித்தால் கிருமி மீண்டும் சேரும். கானைக் கழுவுவது எமது பொறுப்பு.

சங்கக் கூட்டத்திற்கு ஒரு வேலை

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் அடுத்த முறை கூடும்போது ஒரு லீற்றர்ப் போத்தல், ஒரு தேக்கரண்டி, சீனி, உப்பு, கொதித்தாறிய தண்ணீர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவரும் தன் கையால் அளந்து கரைக்கட்டும், எல்லோரும் சுவைத்துப் பார்க்கட்டும். யாருடையது கரிக்கிறது, யாருடையது அளவாக இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். தாய்மாருடன் பாட்டிமாரையும் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். பிள்ளைக்கு வயிற்றால் போகும் இரவில் வீட்டில் முதல் சொல் அவர்களுடையதுதான். அந்தச் சொல் “தண்ணி குடுக்காத” என்பதாக இல்லாமல் “ஜீவனியைக் கரை புள்ள” என்பதாக இருக்கட்டும்.